மாம்பழச்சிட்டுக்கு விட்ட செடி

"அந்த ஒரு செடிய மட்டும் ஏன் மாமா வுட்டுட்டு வந்துட்ட?"

"குருவி கூடு கட்டியிருக்குது."

"இன்னா குருவி?"

"மாம்பழச்சிட்டு."

"ஓ."

"ஆமா."

அவ்வளவுதான் பேச்சு. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆவணிக் கடைசியில், பட்டைக்காட்டில் வெட்டு முடிந்து வண்டி கட்டுகிற நேரத்தில் பூவம்மாளும் அவள் புருஷன் கன்னியப்பனும் பேசிக்கொண்டது. குழந்தை இறந்துபோன பிறகு அந்தப் பதினெட்டு நாளில் அவர்கள் முகம் பார்த்துப் பேசியது அந்த ஒரு முறைதான். அதனால் பூவம்மாளுக்கு அது ஒரு சொல் பிசகாமல் நினைவிருந்தது. "ஆமா" என்று சொல்லிவிட்டு அவன் மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, மறுபடியும் அதே மாதிரி கட்டினான். அதுகூட நினைவிருந்தது.

இப்போது மறுபடியும் ஆவணி. அதே காடு. அமிர்தி மலைக்குக் கீழே, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஆவாரஞ்செடி. ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்புகள் ஆவாரம்பட்டை இல்லாமல் ஒரு நாள்கூட நடக்காது. சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலை ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டால்தான் அது தோலாக நிற்கும், இல்லாவிட்டால் நாறிப்போகும். அதற்காக ஒவ்வொரு வருஷமும் முதல் மழைக்கு அப்புறம், செடியில் சாறு ஏறிப் பட்டை லேசாகக் கழன்று வருகிற நாட்களில், ஜான் பாஷா மேஸ்திரி பத்துப் பன்னிரண்டு குடும்பங்களை வண்டியேற்றி இங்கே கொண்டுவந்து விடுவார். நாற்பது நாள் வேலை. ஆண்கள் கொடுவாளால் செடியை அடியோடு ஒட்ட வெட்டிக் கட்டுக் கட்டாகத் தூக்கி வருவார்கள். பெண்கள் புளியமரத்து நிழலில் உட்கார்ந்து, கிளையைக் கல்லின் மேல் வைத்து, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியால் தட்டித் தட்டி, சட்டைக் கையை உருவுகிற மாதிரி பட்டையை உருவிப் போடுவார்கள். வெட்டிய கட்டை மறுபடியும் துளிர்க்கும். அடுத்த ஆவணிக்கு இடுப்பு உயரம் வந்திருக்கும். மறுபடியும் வெட்டு.

அதனால் அந்தக் காட்டில் இடுப்புக்கு மேல் வளர்ந்த ஆவாரம் கிடையாது. ஒன்றைத் தவிர.

"ஏண்ணே," என்றாள் சுந்தரி. அவளுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. புருஷன் மூர்த்தியோடு முதல் தடவையாகக் காட்டுக்கு வந்திருந்தாள். கட்டைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பின கன்னியப்பனை அவள் விடவில்லை. "உன் செடியில குருவிக்கு இந்த வருஷமும் குடியிருக்க எடம் குடுத்திருக்கியாமே? எங்க வூட்டுக்காரர் சொன்னாரு."

"ஆமாம்மா."

"எங்களுக்கும் ஒரு கிளை வுட்டுக் குடேன். குடிசை ஒழுகுது."

பெண்கள் சிரித்தார்கள். கன்னியப்பனும் உதட்டைக் கொஞ்சம் விரித்தான். பூவம்மாள் தட்டிக்கொண்டே இருந்தாள். சிரிக்க வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. சாப்பாட்டு நேரம் தெரிகிற மாதிரி, தூங்குகிற நேரம் தெரிகிற மாதிரி, அதுவும் தெரிந்தது. ஆனால் சிரிப்பு வரவில்லை.

"அக்கா, அக்கா! கையப் பாரு!"

குனிந்து பார்த்தாள். இடது கட்டை விரலில் ரத்தம். கொட்டாப்புளி எப்போதோ விரல் மேல் இறங்கியிருக்கிறது. நகம் கறுத்துப்போயிருந்தது. பட்டை மேலும் ரத்தம் பட்டிருந்தது. அவள் விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு, அடுத்த கிளையை எடுத்துக் கல்லின் மேல் வைத்தாள்.

"வலிக்கலியாக்கா?"

"வலிக்கும்," என்றாள் பூவம்மாள்.

குழந்தையின் பெயர் தேசம்மாள். தேசு என்று கூப்பிடுவார்கள். ஒன்றரை வயசு. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே புளியமரத்துக் கிளையில்தான் அவளுக்குத் தூளி கட்டியிருந்தது. இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் விடியற்காலையில் இழுப்பு வந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி பூட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஊருக்குக் கொண்டுபோக இரண்டு நாள் வண்டிப் பயணம். வெயிலில் அது நடக்கிற காரியமில்லை. பூவம்மாளின் பழைய புடவையைக் கிழித்துச் சுற்றி, கன்னியப்பன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டான். அவனுடைய சித்தப்பா மண்வெட்டியோடு முன்னால் போனார். பெண்கள் போகிற வழக்கம் இல்லை. கன்னியப்பனின் அக்கா முனியம்மா, பூவம்மாளின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆண்கள் இருவரும் வடக்கே நடந்தார்கள். ஆவாரஞ்செடிக்கு மேலே இரண்டு தலை தெரிந்தது. ஒரு பாறை வளைவில் அதுவும் மறைந்தது. ஒரு உலை கொதிக்கிற நேரத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்துவிட்டார்கள்.

ரொம்ப தூரமில்லை. அது ஒன்றுதான் பூவம்மாளுக்குத் தெரியும்.

அன்றைக்கு முனியம்மா தம்பியிடம் சத்தியம் வாங்கினாள். பூவம்மாளின் முன்னாலேயே வாங்கினாள். அவள் எதையும் மறைத்துச் செய்கிறவள் இல்லை.

"இவளுக்கு இன்னொண்ணு பொறக்குற வரைக்கும் எடத்தக் காட்டாத. என் கையில அடிச்சுச் சொல்லு." பிறகு பூவம்மாளின் பக்கம் திரும்பி, "நீயும் கேக்காதடி. நீ கேட்டா அவன் சொல்லிடுவான், அவன் மனசு எனக்குத் தெரியும். எனக்கு மொதப் பையன் போனப்ப நான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். தெனமும் போனேன். தாய்க் கண்ணீரு அந்த மண்ணுல வுழுந்தா, போன புள்ள திரும்பி அதே வயித்துக்கு வராதாம். அப்புறம்தான் சொன்னாங்க. இன்னிக்கு வரைக்கும் என் மடி காலி. உனக்கு அது வேணாம்."

கன்னியப்பன் அக்காவின் கையில் அடித்தான். பூவம்மாள் தலையை ஆட்டினாள்.

மூன்று வருஷமாக இன்னொன்று பிறக்கவில்லை. எப்படிப் பிறக்கும்? ஒரே குடிசையில் ஒரே பாயில் படுத்திருந்தாலும், நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் எப்போதும் காலியாகவே இருந்தது. யாரும் அதைத் தாண்டவில்லை. அவன் கெட்டவன் இல்லை. அவளும் கோபக்காரி இல்லை. கூழ் கரைத்துக் கொடுத்தாள், குடித்தான். முள் குத்தினால் எடுத்துவிட்டான், காலை நீட்டினாள். அவள் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று. "தேசு இருக்குற எடத்துக்கு ஒரு தபா என்ன இட்டுக்கினு போ." அதை அவள் தினமும் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். முதல் வருஷம் பயத்தில் கேட்கவில்லை. இரண்டாம் வருஷம் நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்தாள். அதன் பிறகு, எதையும் கேட்கிற தெம்பே அவளுக்குள் எங்கேயோ கரைந்துபோய்விட்டது. காடு இருக்கிறது. வருஷா வருஷம் வரப்போகிறோம். என்றைக்காவது கேட்டுக்கொள்ளலாம்.

இந்த வருஷம் வேலை தொடங்கி ஒரு வாரம் ஆனபோது ஜான் பாஷா வண்டியை விட்டு இறங்கி, குடையை மடக்கி, புளியமரத்தடியில் எல்லோரையும் கூப்பிட்டார்.

"கேட்டுக்கோங்க. இந்தக் காட்டுல நமக்கு இதான் கடைசி வெட்டு. காட்டுக்காரர் மல்லாட்டைப் பயிரு போடப் போறாரு. நாம பட்டைய எடுத்தவொடனே வேரு பறிக்க ஆள் வந்துடுவாங்க. வேரு பறிச்சு, மிச்சத்தக் கொளுத்தி, ஏரு ஓட்டிடுவாங்க. அதனால இந்தத் தபா ஒரு செடி பாக்கி இருக்கக் கூடாது. கன்னியப்பா, உனக்குத்தான் சொல்றேன்."

"சரி பாய்."

"அந்தக் குருவிச் செடியும் சேர்த்துத்தான்."

"கடைசியா வெட்டிக்கிறேன் பாய். கூடு இருக்குது."

"அரே, மூணு வருஷமா அதே குருவியா? இன்னேரம் அது பேரன் பேத்தி எடுத்திருக்கும்யா! ஊர்ல ஆயிரம் மரம் கீது, அதுக்கு உன் ஆவாரம்தான் வேணுமாமா?" ஜான் பாஷா நல்ல மனுஷர். சத்தம் போடுவார், அதோடு மறந்துவிடுவார். "சரி, கடைசியா வெட்டு. ஆனா வெட்டு. எனக்குப் பேஜார் குடுக்காத."

எல்லோரும் கலைந்தார்கள். பூவம்மாள் தன் கல்லுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஏர் ஓட்டிடுவாங்க என்ற சொல் காதில் விழுந்தது, உள்ளே போனது, எங்கே போய் விழுந்தது என்று தெரியவில்லை. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருக்கிற மாதிரி அவள் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. வேலையைப் பார்த்தாள். முப்பத்து மூன்று நாள் இருக்கிறது என்று மட்டும் தோன்றியது. மறுநாள் முப்பத்திரண்டு.

கன்னியப்பனுக்குக் கூழ் கொண்டுபோகிற வேலை எப்போதும் முனியம்மாவுடையது. அவள்தான் அந்தப் பக்கம் பூவம்மாளை விடுவதில்லை. வேலை தொடங்கிய முப்பதாம் நாள் முனியம்மாவின் உள்ளங்காலில் ஈச்ச முள் ஏறி, கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் கலயத்தைப் பூவம்மாளிடம் கொடுத்தாள்.

"நேரா மேற்கால போ. பாறைப் பக்கம் போவாத, அங்க பாம்பு ஜாஸ்தி."

பூவம்மாள் நேராகத்தான் போனாள். பாதி வழியில் வடக்கே திரும்பிப் பார்த்தபோது, வெட்டிப்போட்ட மொட்டைக் காட்டுக்கு நடுவே, பாறை வளைவுக்கு அந்தப் பக்கம், மஞ்சளாக ஒன்று உயர்ந்து நிற்பது தெரிந்தது. கால் தானாகத் திரும்பியது.

அது செடியே இல்லை, மரம். மூன்று ஆவணி வெட்டுப்படாத ஆவாரம் அப்படி வளரும் என்று அவள் நினைத்ததில்லை. அவள் தலைக்கு மேல் இரண்டு முழம் இருந்தது. மற்றச் செடிகளின் அடிக்கட்டை ஒவ்வொரு வருஷத்து வெட்டிலும் தழும்பேறிக் குட்டையாகக் கிடக்க, இது வழவழவென்று ஒரே தண்டாக மேலே போயிருந்தது. கிளை முழுக்கப் பூ. இலைக்கு அடியில் பச்சைப் புழுக்கள். மேலே ஏதோ அசைந்ததாகத் தோன்றி அவள் அண்ணாந்து பார்த்தாள்.

முதலில் அதுவும் பூ என்றுதான் நினைத்தாள். பிறகு அந்தப் பூவுக்குக் கறுப்பு இறக்கை இருந்தது. இறக்கையில் இரண்டு வெள்ளைக் கோடு. கிளைக் கவட்டையில், ஒரு குழந்தையின் உள்ளங்கை அகலத்துக்கு, சிலந்தி நூலால் இழைத்து இழைத்துப் பூசின சின்னக் கிண்ணம். அதில் ஆண் மாம்பழச்சிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. அவள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றும் அது பறக்கவில்லை. அலகைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு, ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது.

மாம்பழச்சிட்டு அவர்கள் இரண்டு பேருக்கும் சொந்தமான குருவி. கல்யாணமான வருஷம், இதே காட்டில், கன்னியப்பன்தான் அவளுக்கு அதைக் காட்டினான். ஆண் சிட்டு ஒரு கிளையிலிருந்து விர்ரென்று மேலே எழும்பி, உடம்பு இறகையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, பஞ்சு உருண்டை மாதிரி சுழன்று சுழன்று நீளமாகச் சீட்டியடித்தபடி இறங்கியது. "பொண்டாட்டி கண்ணுல படணும்னு இன்னா பாடு படுது பாரு," என்றான். "நீ அதுல பாதிகூட பண்ணலியே மாமா," என்றாள் இவள். உடனே துண்டை இறக்கை மாதிரி விரித்துக்கொண்டு பட்டைக் குவியல் மேலிருந்து குதித்தான். கால் பிசகி மூன்று நாள் நொண்டினான். கேட்டவர்களிடமெல்லாம் பள்ளத்தில் விழுந்தேன் என்று சொன்னான். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

இது நினைவுக்கு வந்தபோதுதான் இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. மாம்பழச்சிட்டு இவ்வளவு உயரத்தில்தான் கூடு கட்டும். ஆடு மேய்கிற உயரத்தில் கட்டாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தச் செடி மற்றதைப்போல இடுப்பு உயரம்தான் இருந்திருக்கும். அப்போது இதில் எந்தக் குருவியும் கூடு கட்டியிருக்க முடியாது.

அவள் கண்ணைக் கீழே இறக்கினாள்.

செடிக்கு அடியில் கருவேல முள் பரப்பியிருந்தது. அடியில் இருந்தது மக்கிக் கறுத்த முள். அதன் மேல் போன வருஷத்து முள், காய்ந்து வெளுத்தது. அதற்கும் மேலே இந்த வருஷத்து முள். இலை உதிர்ந்தும் இன்னும் பச்சை வாடாமல் இருந்தது. எல்லாம் சேர்ந்து ஒன்றரை வயசுக் குழந்தை படுக்கிற நீளம். குழந்தையைப் புதைத்த இடத்தில் நரி தோண்டாமலிருக்க முள் வெட்டிப் போடுவது அவள் ஊரிலும் உண்டு. ஒரு மாதம் போட்டால் போதும். மூன்று வருஷத்துக்கு அப்புறம் எந்த நரியும் தோண்டாது. அது அவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

அழுகை வரும் என்று பூவம்மாள் நின்றாள். வரவில்லை. கலயத்தின் சூடு இடுப்பில் உறைத்தது. வெயில் முதுகில் உறைத்தது. சிட்டு ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தது. அவள் வந்த வழியே நடந்தாள்.

கன்னியப்பன் மேற்கே வெட்டிக்கொண்டிருந்தான். அவள் வருகிற திசையைப் பார்த்துக் கொடுவாளைத் தாழ்த்தினான்.

"அக்கா வர்லியா?"

"கால்ல முள்ளு."

கலயத்தை வாங்கிக்கொண்டான். அவன் வாயருகே கொண்டுபோகிற வரை காத்திருந்து, "கூடு இருக்குது மாமா," என்றாள்.

"எங்க?" என்றான் அவன்.

கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கே விளங்கியது. மூன்று வருஷமாக ஊரெல்லாம் கூடு இருக்கிறது, கூடு இருக்கிறது என்று சொன்னவன் அவன்தானே.

"நீ சொன்ன செடியிலதான்," என்றாள் பூவம்மாள். "மாம்பழச்சிட்டு. ஆண் ஒக்காந்திருக்குது."

"நெசமாவா?"

"நெசமா."

அவன் அவளையே பார்த்தான். இப்போது சொல்வான் என்று அவள் நினைத்தாள். அவனும் அவள் கேட்பாள் என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில், பாயில் இருக்கிற அதே இடம், இங்கே வெயிலிலும் இருந்தது. அவன் குனிந்து கூழைக் குடித்தான். ஒரு மடக்கு மிச்சம் வைத்து அவளிடம் நீட்டினான். தேசு பிறப்பதற்கு முன்னால் அப்படித்தான் வைப்பான். அவள் அதைக் குடித்துவிட்டுக் கலயத்தோடு திரும்பி வந்தாள்.

இடம் தெரிந்துவிட்டது. இனிமேல் தானாகவே போய்ப் பார்க்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. அப்படித்தான் முதலில் எண்ணினாள். ஆனால் அது திருட்டுத்தனமாகப் பார்த்தது. ஒரு அம்மா தன் குழந்தையை ஒளிந்து நின்று பார்த்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. அவன் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனவன் அவன்தான். அவன் காட்டி, அவள் பார்க்க வேண்டும். மூன்று ஆவணியாக அவன் ஒருத்தனாகவே அங்கே நின்று முள்ளை மாற்றியிருக்கிறான். அதை நினைத்தபோது, கறுத்த நகத்துக்கு அடியில் லேசாக வலிப்பது போலிருந்தது.

நாள் போயிற்று. ஒன்பது, எட்டு, ஏழு. வெட்டு நாலு பக்கமிருந்தும் பாறை வளைவை நோக்கி வந்தது. கன்னியப்பனுக்குச் சாப்பாடு பாதிக்கு மேல் இறங்கவில்லை. வேரறுக்கிற ஆட்கள் இரண்டு பேர் வந்து கடப்பாரையைப் புளியமரத்தில் சாத்திவிட்டுப் போனார்கள்.

கடைசி நாளுக்கு முந்தின மத்தியானம், முனியம்மா வீங்கின காலை நீட்டிப் போட்டுக்கொண்டு பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். பூவம்மாள் கயிறு எடுத்துக் கொடுத்தாள்.

"நல்லதாப் போச்சு," என்றாள் முனியம்மா. "இந்தக் காடு இத்தோட முடிஞ்சுது. அடுத்த வருஷம் வேற காடு. நீயும் மறந்துடுவ."

பூவம்மாள் அடுத்த கயிற்றை நீட்டினாள். பிறகு கேட்டாள்.

"அண்ணி, நீ தெனமும் போனியே. அங்க போயி இன்னா பண்ணுவ?"

முனியம்மாவின் கை நின்றது. அவளிடம் இதை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"இன்னா பண்றது? ஒண்ணும் பண்ண மாட்டேன். ஒக்காந்திருப்பேன். எறும்பு வந்தா தட்டி வுடுவேன். வெயிலு ஏறுனா எழுந்து வந்துடுவேன்."

"நல்லா இருந்துதா?"

முனியம்மா நாத்தனார் தோரணையில் ஏதோ அதட்டப் போனாள். பிறகு கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டாள். முடிச்சைத் தடவிப் பார்த்தாள்.

"இருந்துது," என்றாள்.

கடைசி நாள் விடிந்தது. பத்து மணிக்கெல்லாம் மற்ற வேலை முடிந்து, பட்டைக் கட்டுகள் வண்டியில் ஏறிவிட்டன. ஜான் பாஷா குடையோடு பாறைப் பக்கம் போனார். கன்னியப்பன் பின்னால் போனான். வேடிக்கை பார்க்க மூர்த்தியும் சுந்தரியும் இன்னும் நாலைந்து பேரும் போனார்கள். "நீ இங்கயே இருடி," என்று முனியம்மா சொன்னாள். பூவம்மாள் நடந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு பின்னால் யாரோ நொண்டி நொண்டி வருகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே அது யாரென்று தெரிந்தது.

மொட்டைக் காட்டுக்கு நடுவில் அந்த ஒரு செடி மஞ்சளாக நின்றது. பெண் சிட்டு வாயில் புழுவோடு பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்து, ஆட்களைக் கண்டு திகைத்தது. கூட்டுக்குள்ளிருந்து நூல்போல ஒரு சத்தம் வந்தது. குஞ்சு பொரித்துவிட்டது.

"மாஷா அல்லா," என்றார் ஜான் பாஷா. "நெசமாவே கூடு கீதுய்யா! நான் இவன் வேலைக் கள்ளம் பண்றான்னு நெனச்சேன்." பிறகு பெருமூச்சு விட்டார். "இன்னா பண்றது? நாம வுட்டாலும் நாளைக்கு வேருக்காரன் வெட்டிடுவான். ஜல்தி முடி கன்னியப்பா."

கன்னியப்பன் கொடுவாளோடு நின்றான்.

"அண்ணே, நான் ஒரு வழி சொல்றேன்," என்றான் மூர்த்தி. "கவட்டையோட வெட்டி, கூடு கலையாம அந்தப் புளியமரத்துல கட்டி வுட்டுடறேன். தாய்க்குருவி தேடிக்கினு வந்துடும். நீ நகரு. இந்த முள்ள யார் இங்க கொண்டாந்து போட்டது?" அவன் காலால் முள்ளைத் தள்ளப் போனான்.

"காலு வெக்காத!"

கன்னியப்பன் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. சிட்டு இரண்டும் விருட்டென்று மேலே எழும்பின. மூர்த்தி இரண்டடி பின்வாங்கினான். சுந்தரியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"குருவிக்குப் போயி ஏண்ணே இவ்ளோ கோவம்?" என்றான் மூர்த்தி.

கன்னியப்பன் வாயைத் திறந்தான். சொல்லிவிட்டால் எல்லோரும் விலகிப்போவார்கள், ஜான் பாஷாவே காட்டுக்காரரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லி வைப்பார். அது அவனுக்குத் தெரியும். ஆனால் எதிரே அக்கா நின்றாள். அவள் கையில் அடித்த சத்தியம் நின்றது. அக்காவுக்குப் பக்கத்தில் பெண்டாட்டி நின்றாள். அவள் கேட்காத கேள்வி நின்றது. அவன் வாயை மூடிக்கொண்டான். "குருவி இருக்குது பாய்," என்றான். "குஞ்சு இருக்குது." மூன்று வருஷமாக அவனிடம் இருந்த வார்த்தை அது ஒன்றுதான்.

மேலே போன ஆண் சிட்டு திரும்பி இறங்கிக் கூட்டின் விளிம்பில் உட்கார்ந்தது.

பூவம்மாள் முனியம்மாவைப் பார்த்தாள். முனியம்மா ஒற்றைக் காலில் நின்றபடி, பாறையைப் பிடித்துக்கொண்டு, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இப்போது விளங்கிவிட்டது. கண்ணை நிமிர்த்தித் தம்பி பெண்டாட்டியைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டுவாள் என்று பூவம்மாள் காத்திருந்தாள். முனியம்மா தலையாட்டவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பாய், கொஞ்சம் இருங்க," என்றாள் பூவம்மாள்.

இத்தனை நாளில் அவள் மேஸ்திரியிடம் நேராகப் பேசியதில்லை. ஜான் பாஷா குடையைத் தாழ்த்தினார்.

அவள் வெட்டின கட்டைகளுக்கு நடுவே காலை எடுத்து எடுத்து வைத்து, புருஷனுக்கு முன்னால் போய் நின்றாள். செடி ஆறடி தூரத்தில் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பிடித்து, விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து, கொடுவாளை எடுத்துக் கீழே போட்டாள். பிறகு கையை விடாமல் சொன்னாள்.

"மாமா, தேசுவ நீ எங்க வெச்சியோ, அங்க என்ன இட்டுக்கினு போ."